முதல்ல கேட்டோமா?

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. பட்டர்வொர்த்தில் எங்கள் கிளையின் வாரப் பஜனை முடிந்து, பிரசாதத் தட்டோடு மண்டப வாசலில் உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக அந்த நேரத்தில் பந்துப் பேச்சுதான் ஓடும். அன்று எல்லார் கையிலும் ஒரே விஷயம். முதல் நாள் இரவு, நம் கணக்குக்கு அன்று விடியற்காலை, லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியிருந்தது. வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு. ஆளாளுக்கு வாட்ஸாப்பில் வந்த துண்டு வீடியோக்களைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

"தலைவன் தலைவன்தான் லா. லண்டன்லயே கை தட்டுறாங்க பாரு" என்றார் ஓர் அண்ணன்.

"எல்லாம் சரிண்ணே, பாட்டு எங்க? எண்பதுகள்ல போட்ட மாதிரி ஒண்ணு வருமா?" என்றாள் இன்னொரு தோழி.

தேவார வகுப்பு எடுக்கும் மாமா பொறுமையாகச் சொன்னார்: "81 வயசாச்சு. இருக்கிற பேரோட நிம்மதியா இருக்கலாமே. எதுக்கு இந்த வேலை?"

அப்புறம் ஒரு மணி நேரம் விவாதம். நானும் சும்மா இருக்கவில்லை. "டியூன் மனசுல நிக்கலியே" என்று பெரிய விமர்சகர் மாதிரி தீர்ப்பு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா பெராயில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். தொண்ணூறுகளில் கல்யாண வீடுகளிலும் கோவில் திருவிழாக்களிலும் இசைக்குழுவில் பாடியவர். ராஜா பாட்டு என்றால் உயிர். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"எத்தனை நிமிஷம் கேட்டீங்க?"

"ஒரு ரெண்டு நிமிஷம் இருக்கும்பா."

அப்பா சிரித்தார். "பரவாயில்லையே. என் பாட்டுக்கு அதுகூடக் கெடைக்கல."

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நவராத்திரியில் நான் செய்தது

அதற்கு முந்தைய அக்டோபரில், எங்கள் நவராத்திரி நிகழ்ச்சிக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். அப்பா அம்மன்மேல் தானே ஒரு பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டிருந்தார். வாழ்க்கையில் முதல் முறை. நான்கு மாதமாக வேலை முடிந்து வந்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

நிகழ்ச்சியன்று நேரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. அப்பா மேடை ஏறுவதற்கு முன்னால் நான் ஓடிப்போய், "அப்பா, புதுப் பாட்டு வேணாம்பா. யாருக்கும் தெரியாது. எப்பவும் பாடுவீங்களே, அதையே பாடிடுங்க. எல்லாரும் கூடச் சேர்ந்து பாடுவாங்க" என்றேன். அப்பா தலையை ஆட்டினார். பழைய பாட்டையே பாடினார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். நோட்டு அலமாரிக்குள் போய்விட்டது.

நேரம் போதவில்லை என்பது பாதி உண்மைதான். மீதி என்ன தெரியுமா? அப்பாவின் பாட்டு எப்படி இருக்குமோ, ஆட்கள் சிரிப்பார்களோ என்று எனக்குப் பயம். ஒரு வரிகூடக் கேட்காமலேயே அது நன்றாக இருக்காது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

நான் எழுத வந்த கேள்வி இதுதான். ஒருவரை நாம் ரொம்ப நேசிக்கிறோம். அவர் இதுவரை தந்ததை நெஞ்சில் வைத்திருக்கிறோம். அதற்காக, அவர் இனிமேலும் அதையே தந்துகொண்டிருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா?

இது திடீர் ஆசையா?

"இந்த வயசில் எதுக்கு" என்ற கேள்வியை முதலில் பார்ப்போம். தேனிப் பக்கம் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர் இளையராஜா. சின்ன வயதில் அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்டார். 'அன்னக்கிளி' 1976இல் வந்தது. அதற்குப் பிறகு ஆயிரம் படங்களுக்கு மேல்.

படங்களுக்கு நடுவிலேயே தனியாக ஒரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. 1986இல் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட ஆல்பம். பாட்டு கிடையாது, வாத்தியங்கள் மட்டும். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. 1993இல் இதே ராயல் பில்ஹார்மோனிக் குழுவுக்காக ஒரு சிம்பொனி எழுதினார். அது வெளிவரவே இல்லை. 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு திருவாசகம்.

வரிசையாக வைத்துப் பாருங்கள். லண்டனில் நடந்தது வயதான காலத்து ஆசை இல்லை. ஏறக்குறைய 40 வருடமாக ஒருவர் போய்க்கொண்டிருக்கும் பாதை. நாம் சினிமாப் பாட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தப் பாதை நம் கண்ணில் படவில்லை.

அப்பாவின் கேசட்

மனசு கேட்காமல் மறுநாள் அப்பாவிடம் 'ஹவ் டு நேம் இட்' பற்றிக் கேட்டேன். அப்பா ஒரு கதை சொன்னார்.

அந்த கேசட் வந்தபோது அப்பாவுக்கு 17 வயது. காசு சேர்த்து, ஃபெரி பிடித்து ஜார்ஜ்டவுனுக்குப் போய், கேசட் கடையில் ராஜா படத்தைப் பார்த்ததும் வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து போட்டால் ஒரே வயலின். எஸ்.பி.பி. வருவார், ஜானகியம்மா வருவார் என்று முதல் பக்கம் முடியும் வரைக்கும் காத்திருந்தாராம். யாரும் வரவில்லை. "காசு போச்சுடா" என்று கூட்டாளி ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

"அப்புறம்?"

"2012ன்னு நெனைக்கிறேன். நைட் ஷிஃப்ட். கூட வேலை செய்றவன் போன்ல போட்டான். கேட்டுக்கிட்டே இருந்தேன். எங்கியோ கேட்ட மாதிரி இருக்கேன்னு பார்த்தா, பாலு மகேந்திராவோட 'வீடு' படத்துல வந்ததும் அதுதான். அவர் 43 வயசுல செஞ்சது. எனக்கு 43 ஆனப்போதான் புரிஞ்சிச்சு. அவர் மேல என்னடா தப்பு? நான் லேட்டு."

அந்த வார இறுதியில், ஃபெரியில் ஜார்ஜ்டவுனுக்குப் போய்த் திரும்பும்போது, ஹெட்போன் மாட்டிக்கொண்டு நானும் அந்த ஆல்பத்தை முதலில் இருந்து கடைசி வரை கேட்டேன். ஒரு தடத்தில் பாஹ் எழுதிய வயலின் இசை ஓடுகிறது. அதைக் கொஞ்சமும் கெடுக்காமல் கூடவே ராஜாவின் இசை நடந்துபோகிறது. பாஹை என் வீட்டில் சந்தித்தேன் என்பதுபோல ஒரு பெயர் அந்தத் தடத்துக்கு. இன்னொரு தடத்தின் பெயர் 'டோன்ட் கம்பேர்'. ஒப்பிடாதே! நாங்கள் மண்டப வாசலில் போட்ட சண்டைக்கு 1986லேயே பதில் எழுதி வைத்த மாதிரி இருந்தது.

எல்லாமே பிடித்ததா என்றால் இல்லை. சில இடங்களில் என் மனம் வேறு எங்கோ போய்விட்டது. ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்ல இப்போது எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. அதற்கு முன்னால் இல்லை.

ராகம் என்ற சொல்

கீதை வகுப்பில் 'ராக துவேஷம்' என்று அடிக்கடி கேட்டிருப்போம். ராகம் என்றால் பற்று, துவேஷம் என்றால் வெறுப்பு. இரண்டும் புலன்களின் வழியில் பதுங்கி நிற்கும் எதிரிகள் என்று கண்ணன் அர்ஜுனனை எச்சரிக்கிறான். நாம் பாடும் ராகமும் இதே சொல்தான். வடமொழியில் அதன் அடிப்படைப் பொருள் சாயம், நிறம். மனசில் சாயம் ஏற்றுவது இசை. மனசில் ஏறி இறங்க மறுக்கும் சாயம் பற்று.

"பழைய ராஜா வேணும்" என்று சொல்லும்போது நாம் கேட்பது எதை? அப்பாவுக்கு அந்தப் பாட்டு என்றால் அம்மாவைப் பெண் பார்க்கப் போன நாள். எனக்கு அந்தப் பாட்டு என்றால் சின்ன வயதில் காரில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே கேட்ட இரவுகள். அந்தச் சாயம் நம்முடையது. அதை அவர் திருப்பித் தர முடியாது. அந்தக் காலத்தை மறுபடி கொண்டுவரச் சொல்லி எண்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கேட்டு, அவர் தரவில்லை என்று குறை சொல்கிறோம்.

லேபில் ஒரு கருவியைப் பயன்படுத்துவதற்கு முன்னால் அதைச் சுழியத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். போன பரிசோதனையின் அளவு அதிலேயே தங்கியிருந்தால், புதிதாக எதை அளந்தாலும் தப்பாகத்தான் காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை, பழசைச் சுமந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நம் காதும் அப்படித்தான்.

எல்லா ஊரிலும் இதே கதை

என் லேப் கூட்டாளி ஒரு சீன நண்பன், ராக் இசைப் பைத்தியம். இதைச் சொன்னதும், "எங்க கூட்டத்துலயும் இதே சண்டைதான்" என்றான். பிங்க் ஃபுளாய்ட் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர் 2024 செப்டம்பரில், 78 வயதில், 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' என்ற தனி ஆல்பத்தை வெளியிட்டார். அதில் ஒரு பாட்டை அவருடைய மகள் பாடியிருக்கிறார். 2008இல் இறந்துபோன குழுத் தோழர் ரிச்சர்ட் ரைட், 2007இல் வாசித்து வைத்திருந்த கீபோர்டும் அதில் ஒலிக்கிறது. வயது, மரணம், குடும்பம் என்று ஒரு பெரியவர் மனம்விட்டுப் பேசுகிறார். ரசிகர்களில் ஒரு பகுதி இன்னமும் 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' கையில் வைத்துக்கொண்டு, இது அது மாதிரி இல்லையே என்கிறது.

வயசானவர்களுக்கு மட்டும் இது நடப்பதில்லை. பாப் டிலன் 1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மின்சார கிட்டாரோடு மேடை ஏறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் ஒரு ரசிகர், இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரைச் சொல்லியே அவரை அழைத்தார். அப்போது டிலனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நேற்று பாடிய மாதிரி இன்று பாடாததே துரோகமாகிவிட்டது.

நம் பினாங்கிலிருந்தே வந்த 'எல்லிகேட்ஸ்' குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே கட்டிப்போட்டார்கள். 2007இல் லோகநாதன் போன பிறகும் டேவிட் பாடினார். ஆனால் அப்பா உட்பட என் வீட்டில் எல்லாரும் கேட்பது அந்தப் பழைய நாலைந்து பாட்டைத்தான். இதில் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்பு இருக்கிறது. அந்த அன்புக்குள்ளேயே ஒரு கூண்டும் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு

"தலைவன் செஞ்சா சரிதான்" என்ற அண்ணனை நான் விட்டுவிடப் போவதில்லை. அவரும்தான் கேட்கவில்லை! லண்டனில் கை தட்டினார்கள் என்பதற்காக அவர் கை தட்டினார். நம் ஆள் உலக மேடையில் நிற்பதில் பெருமைப்படலாம், தப்பில்லை. ஆனால் பெருமை வேறு, ரசனை வேறு. புடாபெஸ்டில் வாசித்ததால் திருவாசகம் பெரிதாகிவிடவில்லை. அதற்கு முன்னால் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நம் கோவில்களில் அது உருகிக்கொண்டுதான் இருந்தது.

தேவார மாமாவிடம் 2005 திருவாசகத்தைப் பற்றிக் கேட்டேன். "மோகன ராகத்துல ஓதிப் பழகின காது. எனக்கு அது ஒட்டல. ஆனா ஆறு பாட்டையும் முழுசா மூணு தடவை கேட்டுட்டுத்தான் சொல்றேன்" என்றார். அன்று மண்டப வாசலில் இருந்தவர்களில், ஒரு முழுப் படைப்பைக் கேட்டுவிட்டு 'எனக்குப் பிடிக்கல' என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று அப்போது தெரிந்தது. அவர் கருத்தோடு நான் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்தக் கருத்தை மதிக்கிறேன்.

கண்மூடித் தள்ளுவதும் கண்மூடிக் கும்பிடுவதும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்குமே கேட்கும் சிரமம் கிடையாது.

கேட்பதே முதல் பக்தி

நம் மரபில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். பாகவதத்தில் பிரகலாதன் பக்தியின் ஒன்பது வழிகளைச் சொல்கிறான். முதலாவது சிரவணம், கேட்பது. பாடுவதுகூட அதற்கு அடுத்துதான் வருகிறது. அந்த நூலே ஒருவர் கேட்டதால் பிறந்தது. ஏழு நாளில் சாவு என்று தெரிந்த பரீட்சித்து மன்னன், மீதமிருந்த நாட்களை என்ன செய்தான்? உட்கார்ந்து சுகர் சொல்வதைக் கேட்டான். ஏழே நாள் இருப்பவனுக்கு முழுசாகக் கேட்க நேரம் இருந்தது. நமக்கு மூன்று நிமிட வீடியோவையே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வள்ளுவரும் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தபடியாக அதை வைத்தார்.

வேதாந்த வகுப்பில் மூன்று படி சொல்லித் தருகிறார்கள்: சிரவணம், மனனம், நிதித்தியாசனம். கேள், யோசி, அதில் ஆழ்ந்து நில். கீதையின் கட்டமைப்பும் அதுதான். அர்ஜுனன் கேள்விமேல் கேள்வி கேட்கிறான், கண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, மிச்சம் வைக்காமல் சிந்தித்துப் பார், பிறகு உன் விருப்பம் எதுவோ அதைச் செய் என்ற கருத்தில் அவனிடமே விட்டுவிடுகிறான். கடவுளே, 'நான் சொன்னேன், அதனால் ஒத்துக்கொள்' என்று சொல்லவில்லை. முழுசாகக் கேட்க வேண்டும். அதன் பிறகு முடிவு கேட்டவன் கையில்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த பதில் இது. ஒரு கலைஞருக்கு நாம் பாராட்டுக் கடன் படவில்லை. பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பட்டிருப்பது செவிக்கடன் ஒன்றுதான். அவருக்கும் நமக்குப் பிடித்த மாதிரியே செய்ய வேண்டும் என்ற கடன் இல்லை. பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்று பரீட்சை நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோமே, அதைக் கேட்கும்போதும் கொஞ்சம் கடைப்பிடிக்கலாம். இந்த இசை எனக்கு என் பழைய நாளைத் திருப்பித் தரும் என்ற பலனை விட்டுவிட்டுக் கேட்கலாம்.

'வேலியண்ட்' பற்றி நான் சொன்ன தீர்ப்பை இதன்மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டு நிமிடத் துண்டுகளை வைத்து சிம்பொனிக்குத் தீர்ப்பு சொல்வது, கோபுரத்தின் ஒரு செங்கல்லைக் காட்டி, கோவில் எப்படி என்று சொல்லச் சொல்வது மாதிரி.

அலமாரியில் இருந்த நோட்டு

கடைசியாக ஒன்று. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா வேலையிலிருந்து வந்து தே ஓ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் முன்னால் வைத்தேன்.

"அப்பா, இதைப் பாடுங்க. முழுசா."

"இப்ப எதுக்குடா?"

"அன்னைக்கு நான் செஞ்சது தப்புப்பா."

அப்பா எதுவும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றார். ஆறு நிமிடம் பாடினார். இரண்டாவது சரணத்தில், ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் வீட்டுக்கு வரும் ஒருவன் தெருமுனைக் கோவில் விளக்கைப் பார்ப்பதாக ஓர் இடம் வருகிறது. என் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை வருடம் அவர் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். "ரெண்டாவது சரணம் ரொம்ப நல்லாருக்குப்பா. மூணாவது கொஞ்சம் இழுக்குது."

அப்பா நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் அந்த இடத்துல ஒரு சந்தேகம் இருந்துச்சு. பார்க்கிறேன்" என்று பென்சிலை எடுத்தார். சும்மா 'சூப்பர்ப்பா' என்று சொல்லியிருந்தால் அந்தப் பென்சிலை எடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இந்த வருட நவராத்திரி நிகழ்ச்சிப் பட்டியலில் அப்பாவுக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா, எனக்குத் தெரியாது. வந்து கேளுங்கள். முடிந்த பிறகு பேசுவோம்.